கடிக்கும் சப்பாத்தும் கோல்ஃப் மைதானமும்



புதுச்சேரிக்காரர்களான நமக்கும் கோல்ஃப் விளையாட்டுக்கும் என்ன தொடர்பு என்று தலைப்பைப் பார்த்ததும் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். நம்மூரில் பெத்தாங்க் குண்டை உருட்டியவர்கள் உண்டு. கோல்ஃப் குச்சியைக் கையால் தொட்டவர்கள் மிகக் குறைவு. ஆனால் பிள்ளைகள் பிரான்சில் இருக்கிற குடும்பங்கள் இங்கே ஏராளம். அவர்கள் ஊருக்கு வரும்போது, அப்பாவின் கால் வலியை நினைத்துக்கொண்டு, "இது மெத்தென்று இருக்கும்" என்று கடையில் கண்ணில் பட்ட ஒரு ஜோடியை வாங்கி வருகிறார்கள். அந்த வழியில் கோல்ஃப் சப்பாத்து நம் வீட்டுத் திண்ணைக்கும் வந்து சேர்ந்துவிட்டது.

சென்ற மாதம் இரண்டு பேர் என்னிடம் ஒரே விஷயத்தைக் கேட்டார்கள். ஒருவருடைய மருமகன் லியோன் பக்கத்தில் வாரந்தோறும் கோல்ஃப் ஆடுகிறவர். அவருக்குக் குதிகால் வலி. மற்றவர் இங்கேயே இருப்பவர். அன்பளிப்பாக வந்த ஜோடியைப் போட்டுக்கொண்டு நடக்கலாமா என்று கேட்டார். நான் மருத்துவன் அல்லன். கோப்புகளோடு காலம் தள்ளியவன். ஒரு கோப்பு மேசைக்கு வந்தால் கடைசித் தாளை மட்டும் பார்த்துக் குறிப்பு எழுதாமல், முதல் தாளிலிருந்து படிப்பது என் பழக்கம். சப்பாத்து என்ற கோப்பையும் அப்படியே முதல் தாளிலிருந்து பார்ப்போம்.

அந்தஸ்துக்கு ஒரு சப்பாத்து

சப்பாத்து என்ற சொல்லே நமக்குப் போர்ச்சுக்கீசியர்கள் கொடுத்தது. அவர்கள் மொழியில் அது "சப்பாத்து". பிரெஞ்சுப் பள்ளியில் நாங்கள் படித்தது "சூலியே". தைப்பவருக்குப் பிரெஞ்சில் "கொர்தொனியே" என்று பெயர். ஸ்பெயின் நாட்டுக் கொர்தோபா நகரத்துத் தோல் ஒரு காலத்தில் அவ்வளவு புகழ் பெற்றிருந்தது, அதிலிருந்து பிறந்த சொல் அது.

பெயர் எதுவானாலும், நெடுங்காலம் சப்பாத்து பாதத்துக்காகச் செய்யப்படவில்லை. பார்க்கிறவர் கண்ணுக்காகச் செய்யப்பட்டது. பதினான்காம் லூயி மன்னர் சிவப்புக் குதி வைத்த சப்பாத்து அணிந்தார். அவருடைய அரசவைப் பிரபுக்கள்தான் அதைப் போலப் போட்டுக்கொள்ளலாம். குதி உயரமானால் உடலின் எடை முன்பாதத்தில் இறங்கும், விரல்கள் நெருக்குண்ணும் என்பதெல்லாம் வெர்சாய் அரண்மனையில் யாருக்கும் ஒரு பொருட்டாக இருக்கவில்லை.

நம்மூர்ச் சரித்திரத்திலும் சப்பாத்து அந்தஸ்தின் அடையாளமாக வந்து நின்றது உங்களுக்குத் தெரியும். 1873-இல் வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை ஐரோப்பியச் சப்பாத்து அணிந்துகொண்டு புதுச்சேரி நீதிமன்றத்துக்குள் நுழைந்தார். நீதிபதி அவரை அனுமதிக்கவில்லை. அவர் விடவில்லை, பாரிசில் உள்ள உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோய் வெற்றி பெற்றார். பின்னாளில் 'லப்போர்த்' என்ற பெயரையும் ஏற்றார். 1881-ஆம் ஆண்டு வந்த ரெனோன்சான் ஆணைக்கு அந்தச் சப்பாத்தும் ஒரு காரணம் என்று சொல்வது மிகையல்ல. அவருடைய வழக்கு மானத்தைப் பற்றியது. அந்தச் சப்பாத்து அவர் காலைக் கடித்ததா என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

பாதத்தின் பக்கம் நின்று முதலில் உரக்கப் பேசியவர் ஒரு டச்சு மருத்துவர். பெயர் பெத்ருஸ் காம்பர். உடற்கூறு நிபுணர், பேராசிரியர். எவ்வளவு அற்பமான பொருளானாலும் விஷயம் தெரிந்தவன் எடுத்தால் பயனுள்ளதாக எழுத முடியும் என்று தம் மாணவர்களிடம் வேடிக்கையாகச் சொல்லி, அதை நிரூபிக்கவே சப்பாத்தைப் பற்றி எழுதினார் என்பார்கள். 1781-இல், பிரெஞ்சு மொழியில், 'சப்பாத்துகளுக்கு உகந்த வடிவம்' என்ற கருத்தில் அந்த ஆய்வுரை வெளிவந்தது. குதிரைக்கும் கோவேறு கழுதைக்கும் எருதுக்கும் குளம்பைப் பார்த்துப் பார்த்து லாடம் அடிக்கிற மனிதன், தன் பாதத்தை மட்டும் நாகரிகத்தின் கையில் ஒப்படைத்துவிட்டானே என்பது அவருடைய ஆதங்கம். உயர்ந்த குதியும் ஒடுங்கிய முனையும் பாதத்தை எப்படிக் கெடுக்கின்றன என்று எலும்பு எலும்பாக எடுத்துச் சொன்னார்.

வலது எது, இடது எது

இப்போது நம்புவதற்குக் கடினமான ஒரு செய்தி. காம்பர் எழுதிய காலத்தில் ஐரோப்பாவில் பெரும்பாலான சப்பாத்துகளுக்கு வலது, இடது என்ற பேதம் கிடையாது. சப்பாத்து தைக்க மரத்தில் பாத வடிவில் ஒரு கட்டை வேண்டும். அதன்மேல் தோலை இழுத்துத் தைப்பார்கள். குதி வைத்த சப்பாத்து 1600-ஐ ஒட்டி வழக்கத்துக்கு வந்தபோது, வலதுக்கும் இடதுக்கும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம் போல இரண்டு கட்டைகளைச் செதுக்குவது சிரமமாகிவிட்டது. ஆகவே நேரான ஒரே கட்டையில் இரண்டையும் தைத்தார்கள். ஒரே பக்கம் தேயாமல் இருக்க, நாளுக்கொரு காலாக மாற்றிப் போடும்படி படைவீரர்களுக்கு உத்தரவிட்ட சேனைகளும் இருந்தன.

1800-ஐ ஒட்டித்தான் வலது, இடது பேதம் மெல்லத் திரும்பி வந்தது. அமெரிக்காவில் தாமஸ் பிளான்சார்ட் என்பவர் துப்பாக்கிக் கட்டை கடைவதற்காக 1819-இல் ஒரு கடைசல் இயந்திரம் செய்தார். ஒரு மாதிரி உருவத்தைத் தடவிக்கொண்டே அதே வடிவத்தை மரத்தில் கடைந்து தரும் இயந்திரம். அதே முறையில் சப்பாத்துக் கட்டைகளையும் கடையலாம் என்றானபின் இரண்டு காலுக்கும் இரண்டு கட்டைகள் மலிவாகக் கிடைத்தன.

1858-இல் சூரிச் நகரத்து உடற்கூறுப் பேராசிரியர் ஹெர்மன் மேயர் இன்னொரு படி போனார். பெருவிரலின் நடுவிலிருந்து பின்னோக்கி ஒரு கோடு போட்டால் அது குதிகாலின் நடுவில் போய் முடிய வேண்டும்; இதுதான் ஆரோக்கியமான பாதம் என்றார். சப்பாத்தின் அடித்தளமும் அந்தக் கோட்டுக்கு இடம் கொடுக்க வேண்டும். உங்கள் வீட்டில் இருக்கிற முனை ஒடுங்கிய சப்பாத்து எதையாவது திருப்பிப் போட்டு, அடியில் சாக்குக்கட்டியால் இந்தக் கோட்டைப் போட்டுப் பாருங்கள். பெருவிரலுக்கு உரிய இடத்தில் தோலே இருக்காது. பெருவிரல் உள்பக்கம் மடங்கி, அதன் மூட்டு வெளியே புடைத்துக்கொண்டு வலிக்கும் தொல்லை பல பேருக்கு இருக்கிறது. பிறவியிலேயே அந்த வாகு உள்ளவர்களுக்கு ஒடுங்கிய முனை அதை மேலும் மோசமாக்குகிறது.

ஆணி அடித்த சப்பாத்து

இனி கோல்ஃபுக்கு வருவோம். ஸ்காட்லாந்தில் இது பழைய விளையாட்டு. வில்வித்தைப் பயிற்சியை விட்டுவிட்டுப் பந்தின் பின்னால் ஓடுகிறார்கள் என்று 1457-இலேயே அங்கே சட்டம் போட்டுத் தடுக்கப் பார்த்தார்கள். பிரிட்டிஷ்காரர்கள் போன இடமெல்லாம் அது கூடவே போயிற்று. கல்கத்தாவில் 1829-இலேயே சங்கம் அமைந்துவிட்டது. பிரான்சில் பிரனே மலையடிவாரத்துப் போ நகரத்தில் 1856-இல் தொடங்கிய மைதானம்தான் ஐரோப்பியக் கண்டத்தில் பழமையானது.

கடலோர மணல்மேடு, ஈரப்புல், சரிவு. இவற்றின்மேல் நின்றுகொண்டு உடம்பை முறுக்கி அடிக்க வேண்டும். கால் வழுக்கினால் அடி வீண். ஆகவே அடியில் சிறு ஆணிகள் அடித்த தடித்த சப்பாத்தே ஏற்றது என்று 1857-இல் வந்த ஒரு கோல்ஃப் கையேடு யோசனை சொன்னது. முதலில் வீட்டுச் சப்பாத்திலேயே ஆணி அடித்துக்கொண்டார்கள். அந்த ஆணி உள்ளே ஏறிக் குத்துவதும் உண்டு. பிறகு திருகிக் கழற்றுகிற இரும்பு முனைகள் வந்தன. அதே 1857-இல் அமெரிக்காவின் பிராக்டன் நகரில் தொடங்கிய ஒரு சப்பாத்துக் கம்பெனிதான் பின்னாளில் ஃபுட்ஜாய் என்ற பெயரில் கோல்ஃப் உலகத்தில் பேர் பெற்றது. அந்தப் பெயருக்கு 'பாதத்தின் ஆனந்தம்' என்று பொருள் சொல்லலாம்.

ஆனந்தம் பெயரில் இருந்தாலும் விஷயத்தில் ஒரு சிக்கல் இருந்தது, இன்றும் இருக்கிறது. கோல்ஃப் ஆடுகிறவர் பதினெட்டுக் குழிகளையும் நடந்து முடித்தால் ஏறத்தாழ ஏழெட்டுக் கிலோமீட்டர். நாலைந்து மணி நேரம் காலில் நிற்க வேண்டும். நடப்பதற்கு வேண்டியது இலேசான, வளைந்து கொடுக்கிற சப்பாத்து. ஆனால் பந்தை அடிக்கும் அந்த ஒரு விநாடிக்கு வேண்டியது இறுக்கமான, அசையாத சப்பாத்து. வலக்கைக்காரர் குச்சியை ஓங்கும்போது எடை வலது காலில் இருக்கும். அடித்து முடிக்கும்போது முழுவதும் இடது காலின் வெளி விளிம்புக்குப் போகும். அப்போது வலது பாதம் குதியைத் தூக்கிப் பெருவிரல் மூட்டை நன்றாக மடக்கி நிற்கும். ஆக, இரண்டு கால்களுக்கும் இரண்டு விதமான வேலை. குதிகால் வலிக்காரருக்கு நடை துன்பம். பெருவிரல் மூட்டுத் தேய்ந்தவருக்கு அடி துன்பம். யாருக்கு எங்கே வலி என்று தெரியாமல் 'நல்ல கோல்ஃப் ஷூ' என்று ஒன்றைச் சொல்ல முடியாததற்கு இதுதான் காரணம்.

அளவு என்ற பெருங்குழப்பம்

எங்கள் சிறுவயதில் சப்பாத்தின் எண்ணைப் 'புவாந்த்யூர்' என்போம். அது பிரெஞ்சுக் கணக்கு. ஒரு புவாந்த்யூருக்கு மூன்றில் இரண்டு பங்கு சென்டிமீட்டர். மூன்று எண்ணுக்கு இரண்டு சென்டிமீட்டர் ஏறும். 42 என்றால் 28 சென்டிமீட்டர். கவனியுங்கள், அந்த 28 உங்கள் பாதத்தின் நீளம் அல்ல, உள்ளே இருந்த கட்டையின் நீளம். விரலுக்கு முன்னால் விடும் இடமும் அதில் அடக்கம். இந்தியக் கடைகளில் நாம் வாங்கும் 7, 8, 9 எல்லாம் ஆங்கிலேயர் கணக்கு. அதில் ஓர் எண்ணுக்கு ஓர் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு ஏறும். ஒரு பார்லி மணியின் நீளம் என்று அதற்குப் பழைய பெயர். அமெரிக்காவில் வேறு எண். ஒரே பாதத்துக்கு மூன்று நாட்டில் மூன்று எண் என்றால், மகன் டெலிபோனில் "அப்பா, உங்கள் நம்பர் என்ன?" என்று கேட்டு வாங்கி வரும் ஜோடி எப்படிப் பொருந்தும்?

அதோடு, இந்த எண்கள் நீளத்தை மட்டுமே சொல்கின்றன. அகலத்துக்கு ஒரு வார்த்தையும் இல்லை. இந்தக் குறையைத் தீர்த்தவர் அமெரிக்காவின் சிராக்யூஸ் நகரத்துச் சப்பாத்துக் கடைக்காரர் ஒருவருடைய மகன், சார்லஸ் பிரானக். 1920-களின் நடுவில், சிறுவர்கள் பாலம் கட்டி விளையாடும் உலோகத் துண்டுகளைக் கொண்டு முதல் மாதிரியைச் செய்தார். குதிகாலிலிருந்து விரல் நுனி வரை ஓர் அளவு; குதிகாலிலிருந்து பெருவிரல் மூட்டு வரை ஓர் அளவு; அகலம் ஓர் அளவு. இரண்டாவது அளவுதான் அவருடைய கெட்டிக்காரத்தனம். இருவருக்குப் பாத நீளம் ஒன்றாக இருந்தாலும், மூட்டு இருக்கிற இடம் வேறாக இருக்கும். பாதம் மடங்கும் இடத்தில் சப்பாத்தும் மடங்கவில்லை என்றால், ஒவ்வொரு அடியிலும் இரண்டும் சண்டை போட்டுக்கொள்ளும். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கப் படைவீரர்களின் பாதங்களை அளக்க அந்தக் கருவியைத்தான் பயன்படுத்தினார்கள்.

அதே காலத்தில் இதற்கு நேர்மாறான ஒரு கோமாளித்தனமும் நடந்தது. மேல்நாட்டுச் சப்பாத்துக் கடைகளில் எக்ஸ்ரே பெட்டி வைத்திருந்தார்கள். பிள்ளைகள் புதுச் சப்பாத்தோடு அதற்குள் காலை விட்டால், மேலே ஒரு கண்ணாடியில் எலும்பு தெரியும். அம்மாவும் கடைக்காரரும் எட்டிப் பார்த்து, பொருந்துகிறது என்று தலையசைப்பார்கள். கதிர்வீச்சின் ஆபத்து புரிந்தபின் 1957-இல் பென்சில்வேனியா மாநிலம் அதைத் தடை செய்தது. மற்ற இடங்களிலும் பெட்டிகள் மறைந்தன. எலும்பைப் பார்த்தார்கள், "வலிக்கிறதா கண்ணு?" என்று குழந்தையைக் கேட்டிருந்தால் போதுமே!

வலியோடு ஆடியவர்கள்

கோல்ஃபில் காலின் அருமையை உலகத்துக்குக் காட்டியவர் பென் ஹோகன். 1949 பிப்ரவரி 2 அன்று டெக்ஸாஸ் நெடுஞ்சாலையில் மூடுபனியில் எதிரே வந்த பேருந்து அவருடைய காரில் மோதியது. மனைவியைக் காப்பாற்ற அவர்மேல் பாய்ந்து விழுந்தார். அதனால் தாமும் உயிர் பிழைத்தார். இடுப்பெலும்பு, காறையெலும்பு, இடது கணுக்கால், விலா எல்லாம் முறிந்தன. இரத்தம் உறைந்து நுரையீரலை அடைக்காமலிருக்க ஒரு பெரிய நாளத்தையே கட்டிவிட்டார்கள். அதன்பின் ஆயுள் முழுவதும் கால்களில் இரத்த ஓட்டம் குறைவு, நடந்தால் வீங்கும். அந்த மனிதர் பதினாறு மாதம் கழித்து, 1950 ஜூனில், அமெரிக்க ஓப்பன் போட்டியில் கால்கள் முழுவதும் கட்டுப் போட்டுக்கொண்டு ஒரே நாளில் முப்பத்தாறு குழிகள் நடந்து ஆடி, மறுநாள் சமன் முறிக்கும் ஆட்டத்தில் வென்றார். அந்த முப்பத்தாறாவது குழியில் அவர் அடித்த குச்சியும், கூடவே அவருடைய சப்பாத்தும் அன்று களவு போயின என்பார்கள். குச்சி பல ஆண்டுகள் கழித்துக் கிடைத்து அருங்காட்சியகம் சேர்ந்தது.

நடக்க முடியாதவர் கோல்ஃப் ஆடலாமா என்ற கேள்வியே ஒரு வழக்காகி அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. கேசி மார்ட்டின் என்ற ஆட்டக்காரருக்கு வலது காலில் பிறவியிலேயே இரத்தவோட்டக் கோளாறு. மைதானத்தில் சிறு வண்டியில் போக அனுமதி கேட்டார். நடப்பதும் ஆட்டத்தின் ஒரு பகுதி என்று சங்கம் மறுத்தது. 2001 மே 29 அன்று ஏழுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் அவருக்குத் தீர்ப்பு கிடைத்தது. ஆட்டத்தின் உயிர் பந்தை அடிப்பதில் இருக்கிறது, நடப்பதில் இல்லை என்றது நீதிமன்றம். நம் பொன்னுத்தம்பிப் பிள்ளையின் வழக்கைப் போல, இதுவும் பாதத்தால் வந்து சட்டத்தில் இடம் பிடித்த வழக்கு.

இரும்பு முனைகளின் ஆட்சி 1990-களில் முடிந்தது. புல்தரை கிழிபடுகிறது என்று அமெரிக்காவில் இடாஹோ பக்கத்தில் பிளாஸ்டிக் முனைகளைச் செய்து பார்த்தார்கள். பல சங்கங்கள் இரும்புக்குத் தடை போட்டன. புல்லைக் காப்பாற்றக் கொண்டு வந்ததில் பாதங்களும் பிழைத்தன. கெட்டித் தரையில் இரும்பு முனை ஒவ்வொன்றும் உள்ளங்காலில் ஒரு புள்ளியாக அழுத்திக்கொண்டிருந்தது அல்லவா? பிறகு 2010-இல் அகஸ்டா மைதானத்தில், நெடுநாள் முதுகுவலிக்காரரும் ஐம்பது வயதுக்காரருமான ஃபிரெட் கப்பிள்ஸ், முனையே இல்லாத, தெருவில் போடுகிற மாதிரியான சப்பாத்தோடு ஆடி முதல் நாள் முன்னணியில் நின்றார். அன்றிலிருந்து அந்த வகைக்குக் கடைகளில் மவுசு.

2021 பிப்ரவரியில் கார் விபத்தில் வலது காலும் பாதமும் நொறுங்கிய டைகர் உட்ஸ், மறு ஆண்டு ஏப்ரலில் அதே அகஸ்டாவுக்கு வந்தார். பல ஆண்டுகளாக அவருக்குப் பணம் கொடுத்து வந்தது நைக்கி கம்பெனி. ஆனால் அந்த வாரம் அவர் காலில் இருந்தது ஃபுட்ஜாய். மேடு பள்ளத்தில் கால் அசையாமல் நிற்க அதுதான் உதவியது. உலகத்தில் எந்தச் சப்பாத்தையும் செய்து வாங்கக்கூடிய மனிதர், விளம்பரத்தை ஒதுக்கிவிட்டுத் தம் காலின் பேச்சைக் கேட்டார்.

வலிக்காத காலுக்கு என்ன செய்வது

இதுவரை சொன்ன கதையில் வலிதான் வாத்தியார். வலியே தெரியாத பாதம் என்றால்? இங்கேதான் நம் தமிழ்நாட்டுக்கு இந்தச் சரித்திரத்தில் ஓர் இடம் இருக்கிறது.

கொல்லிமலையில் 1914-இல் ஆங்கிலப் பெற்றோருக்குப் பிறந்தவர் டாக்டர் பால் பிராண்ட். 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். தொழுநோயாளிகளின் பாதம் தானாக அழுகுகிறது என்றுதான் அதுவரை எல்லோரும் நினைத்திருந்தார்கள். பிராண்ட் உட்கார்ந்து கவனித்தார். சதை கெட்டுப்போனது அல்ல. உணர்ச்சி போனதால், ஒரே இடத்தில் விழும் அழுத்தம் அவர்களுக்குத் தெரியவில்லை. நமக்குக் கால் கடித்தால் நொண்டுவோம், நடையை மாற்றுவோம், சப்பாத்தைக் கழற்றுவோம். அவர்கள் அதே இடத்தில் மிதித்துக்கொண்டே போவார்கள், புண்ணாகும். அதற்காக அழுத்தத்தைப் பரப்பிக் கொடுக்கும் நுண்துளை ரப்பரில் செருப்பு செய்யச் சொன்னார்கள். எம்.சி.ஆர். செருப்பு என்று இன்று நம் மருத்துவமனைகளில் எழுதிக் கொடுப்பது அந்த ரப்பரைத்தான். பின்பு அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குப் போன பிராண்ட், அதே பாடம் சர்க்கரை நோயாளிகளின் பாதத்துக்கும் பொருந்தும் என்று காட்டினார். வலி ஒரு கொடை என்பது அவர் கடைசிவரை சொல்லி வந்த கருத்து.

என்னோடு ஒரே பிரிவில் வேலை பார்த்த நண்பர் ஒருவருக்கு இருபது ஆண்டுகளாகச் சர்க்கரை. மகள் பிரான்சிலிருந்து வெள்ளை வெளேரென்று ஒரு கோல்ஃப் ஜோடி கொண்டு வந்து கொடுத்தார். காலையில் கடற்கரைச் சாலையில் காந்தி சிலையிலிருந்து துய்ப்ளே சிலை வரை அதைப் போட்டுக்கொண்டு கம்பீரமாக நடந்தார். "மெத்தை மாதிரி இருக்குது சார்" என்றார். மூன்றாம் நாள் அவர் மனைவி துவைக்க எடுத்த காலுறையில் இரத்தம். சுண்டுவிரல் ஓரம் சப்பாத்தின் தையல் உரசித் தோல் போயிருந்தது. "வலிக்கவே இல்லையே சார், எனக்கு எப்படித் தெரியும்?" என்று என்னிடம் கேட்டார். ஆற இரண்டு மாதம் ஆயிற்று. விரல் தப்பியது பெரிய காரியம் என்றார் மருத்துவர். மெத்தென்று இருப்பது வேறு, பொருந்துவது வேறு.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

இனி, கேட்ட இருவருக்கும் என் குறிப்பு.

1. சாயங்காலத்தில் வாங்குங்கள். பகல் முழுக்க நடந்த பாதம் சற்று வீங்கியிருக்கும். நின்றுகொண்டு அளக்க வேண்டும். எடை இறங்கினால் பாதம் நீளும், அகலும். இரண்டு காலையும் அளந்து, பெரியதற்கு வாங்குங்கள்.

2. வெளிநாட்டிலிருந்து வாங்கி வரச் சொல்வதானால் எண்ணைச் சொல்லாதீர்கள். காகிதத்தில் நின்று இரண்டு பாதங்களையும் பென்சிலால் வரைந்து அனுப்புங்கள்.

3. மிக நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு சென்டிமீட்டர் இடம் வேண்டும். பலருக்கு இரண்டாம் விரல்தான் நீளம். உள்ளே இருக்கும் மெத்தையை வெளியே எடுத்துத் தரையில் போட்டு அதன்மேல் நில்லுங்கள். பாதம் ஓரத்தில் வழிந்தால் அந்த ஜோடி உங்களுக்கு அல்ல.

4. சப்பாத்தைக் கையில் எடுத்து மடக்கிப் பாருங்கள். விரல்கள் தொடங்கும் இடத்தில் மடங்க வேண்டும். நடுவில் மடங்கினால் வேண்டாம். குதியைச் சுற்றிய பகுதி கெட்டியாக இருக்கட்டும்.

5. காலையில் முதல் அடி வைக்கும்போது குதிகால் சுரீர் என்று வலிக்கிறவருக்கு, குதி கொஞ்சம் உயர்ந்தும் உள்வளைவுக்குத் தாங்கலும் உள்ளது நல்லது. பெருவிரல் மூட்டுத் தேய்ந்தவருக்கு, முன்பக்கம் அதிகம் மடங்காத அடித்தளம் நல்லது. முன்பாதத்தில் எரிச்சல் உள்ளவருக்கு அகலமான முனை வேண்டும். அடியில் உள்ள முனைகள் வலிக்கிற இடத்துக்கு நேர் கீழே அழுத்துகின்றனவா என்றும் பார்க்க வேண்டும்.

6. காய்ந்த கெட்டித் தரையில் ஆடுகிறவருக்கு முனை இல்லாத வகை போதும். ஈரப்புல்லிலும் சரிவிலும் ஆடுகிறவருக்குப் பிளாஸ்டிக் முனை வேண்டும். அந்த முனை வைத்த சப்பாத்தைத் தார்ச்சாலையிலும் வழவழப்பான தரையிலும் நடக்கப் பயன்படுத்த வேண்டாம். முனைகள் சீக்கிரம் தேயும், நம் வயதில் வழுக்கினால் இடுப்பெலும்பு போகும். நடைக்கு நடைச் சப்பாத்தே சரி.

7. "போடப் போடச் சரியாகிவிடும்" என்று கடைக்காரர் சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வெளியே வாருங்கள். கடையில் பத்து நிமிடம் நடந்து பார்த்துக் கடிக்காததே வாங்கத் தக்கது.

8. சர்க்கரை உள்ளவர்கள் தங்கள் பாதம் சொல்வதை நம்ப வேண்டாம். கண்ணையும் கையையும் நம்ப வேண்டும். போடும் முன் உள்ளே விரலை விட்டுத் தையல், கல், மடிப்பு இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். புதியதை முதல் நாள் அரை மணி நேரம் மட்டும் போட்டுக் கழற்றி, சிவந்திருக்கிறதா என்று பாருங்கள். உள்ளங்கால் தெரியவில்லை என்றால் கண்ணாடி வைத்துப் பாருங்கள், அல்லது வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள், கூச்சம் வேண்டாம்.

சில வாரங்களில் தீராத வலிக்கும், ஆறாத சிறு புண்ணுக்கும் சப்பாத்துக் கடை வைத்தியம் ஆகாது. மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

செருப்புக்குத் தக்கபடி காலைத் தறிப்பதா என்று நம் பெரியவர்கள் கேட்டதும், குதிரைக் குளம்புக்கு உள்ள மரியாதை மனிதப் பாதத்துக்கு இல்லையா என்று 1781-இல் காம்பர் கேட்டதும் ஒரே கேள்விதான். லியோன் மருமகன் இந்த வாரமே தம் பாதத்தைக் காகிதத்தில் வரைந்து பார்க்கட்டும். அன்பளிப்பு ஜோடி வைத்திருக்கும் நண்பர் அதன் உள்மெத்தையை எடுத்து, அதன்மேல் நின்று பார்க்கட்டும்.

பொன்னுத்தம்பிப் பிள்ளை வழக்கை இங்கே நான்கு வரியில் முடித்துவிட்டேன். அது அவ்வளவு சிறிய கதை அல்ல. அடுத்த முறை அதை முழுமையாக எழுதுகிறேன்.